மூன்று வாரம் பேசக் கூடாது

ஜனவரி 19, திங்கள்

குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறதாம். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கடுகு அளவு. காது மூக்கு தொண்டை மருத்துவர் சின்ன வயதுப் பெண்.

"என்ன சார் வேலை?"

"வாத்தியார்."

"கத்துவீங்களா?"

கத்துவதில்லை, கொஞ்சம் உரக்கப் பேசுவேன் என்றேன். பள்ளிக்குப் பின்னால் மின்சார ரயில் ஓடுகிறது, வகுப்பில் நாற்பத்தாறு பேர் என்று விளக்கினேன். விளக்கும்போதே குரல் அறுந்துவிட்டது. அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது.

கூட வந்திருந்த என் மனைவி கோகிலா, "மூணு வாரம் போதுமா டாக்டர்?" என்று கேட்டாள். அவள் அக்கறையை நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

விடுப்பு கேட்டுத் தலைமையாசிரியை ஹெலன் மேடத்திடம் போனேன். சமூக அறிவியல் ஆசிரியர் இடம் ஜூன் மாதத்திலிருந்து காலி. தமிழோடு அதையும் நான்தான் நடத்துகிறேன். "பரஞ்சோதி சார், நீங்க பேசவே வேண்டாம். சும்மா வந்து உக்காருங்க. கிளாஸ்ல ஒரு ஆள் இருந்தா போதும்" என்றார். எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பேசாமல் இருப்பவனுக்குப் போக்கிடம் வேண்டுமே என்று இந்த டைரியை எடுத்திருக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

ஏழாம் வகுப்பு ஆ பிரிவு. கரும்பலகையில், "எனக்குத் தொண்டை சரியில்லை. மூன்று வாரம் பேச மாட்டேன். அமைதி காக்கவும்" என்று எழிலாக எழுதினேன். பிள்ளைகள் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மழைக்கு விடுமுறை என்று அறிவித்தால் இப்படித்தான் பார்ப்பார்கள்.

பத்து நிமிடத்தில் பாதி வகுப்பு ஜன்னலில் இருந்தது. ஸ்கேலால் மேசையைத் தட்டினேன். ஸ்கேல் இரண்டாகப் போயிற்று.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். நான் பலகையில் எழுத வேண்டியது, யுவஸ்ரீ அதை உரக்கப் படிக்க வேண்டியது. தினமும் காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கிற பெண் அவள்தான். ஒல்லி. இரட்டைச் சடை, ஒரு ரிப்பன் எப்போதும் அவிழ்ந்திருக்கும். ஆனால் குரல் ரயிலைத் தாண்டிப் போகும். என் வகுப்பிலேயே சிறந்த வாசகி என்று அவளைப் பற்றிப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

அவளை அழைத்து, "நான் எழுதுவதை நீ உரக்கப் படி" என்று எழுதினேன். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "சாருக்குத் தொண்ட சரியில்ல. இனிமே சாருக்குப் பதிலா நான்தான் பேசுவேன். எல்லாரும் வாய மூடுங்க."

எழுதியது அதுவல்ல. ஆனால் மூடினார்கள்.

ஜனவரி 21, புதன்

"பக்கம் 64. முதல் இரண்டு பத்திகளைப் பார்த்து எழுதுக" என்று எழுதினேன்.

"அறுவத்தி நாலாம் பக்கம் எடுங்க. மனசுக்குள்ளயே படிங்க. சத்தம் வரக் கூடாது. சாருக்குக் காதும் சரியில்ல."

பக்க எண்ணை மட்டும் சரியாகச் சொல்கிறாள். மற்றதெல்லாம் அவள் இஷ்டம். மறுத்துச் சொல்ல எனக்கு வாயில்லை என்ற தைரியம்.

ஜனவரி 22, வியாழன்

சிலிண்டர் கொண்டுவருகிறவர் போன் செய்தார். எடுத்தேன். ஆறு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சிலிண்டர் வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

சந்தோஷ் என்பவன் முன்னால் இருந்தவன் சட்டையில் சாக்பீஸால் மீசை வரைந்துகொண்டிருந்தான். "சந்தோஷ், எழுந்து நில்" என்று எழுதினேன். யுவஸ்ரீ என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றாள். நாற்பத்தாறு பேரும் நின்றார்கள்.

"சந்தோஷ் மட்டும்" என்று எழுதி அடிக்கோடிட்டு, கையை ஓங்கிக் காட்டினேன்.

"ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

தூக்கினார்கள். கீழே இறக்கச் சொல்லிச் சைகை செய்தேன். எல்லோரும் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டார்கள். அப்போது வராந்தாவில் ஹெலன் மேடம் வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இதத்தான் சார் நானும் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன். பாடத்துக்கு நடுவுல பசங்களுக்கு உடற்பயிற்சி குடுக்கணும்" என்று பாராட்டிவிட்டுப் போனார். மற்ற வகுப்புகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பப் போகிறாராம்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். அணிவகுப்புக் கட்டளை கொடுப்பது வழக்கமாக நான். இன்று யுவஸ்ரீ கொடுத்தாள். பிள்ளைகள் ஒரு தடவையிலேயே நேராக நின்றார்கள். எனக்கு எப்போதும் நான்கு தடவை ஆகும். மைதானம் ஈரமாக இல்லாததால் இருக்கலாம்.

ஜனவரி 27, செவ்வாய்

பொறுத்தது போதும். அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். "தங்கள் மகள் நான் எழுதுவதை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி வகுப்பைக் கேலிக்கூத்தாக்குகிறாள். நேரில் வந்து பார்க்கவும்." உறையில் போட்டு அவளிடமே கொடுத்தனுப்பினேன். பயபக்தியோடு வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 28, புதன்

அம்மா வந்தார். பெயர் அமுலு. பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். கையில் எனக்கு ஒரு பிளாஸ்கில் சுக்குக் காப்பி.

"உங்களுக்குத் தொண்ட இப்டி கீதுன்னு பாப்பா சொல்லிச்சு சார். அந்த நெலமையிலயும் எம் பொண்ணப் பத்தி இம்மாம் பெருமையா எழுதிக் குடுத்தீங்களே. பாப்பா படிச்சுக் காட்டிச்சு. அழுதுட்டேன் சார்."

நான் இல்லை, இல்லை என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். போன வருடத்திலிருந்து நான் எழுதிக் கொடுத்த சீட்டுகள் எல்லாம் இருந்தன. தாமதமாக வருகிறாள், வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, கவனம் போதாது. ஒரு கசங்கல் இல்லை. இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். "எனக்குப் படிக்கத் தெரியாது சார். எல்லாத்தையும் பாப்பாதான் படிச்சுச் சொல்லும். கஷ்டமா இருந்தா இத எடுத்துப் பாத்துக்குவேன்."

காப்பி நன்றாக இருந்தது. இவ்வளவு துணிந்து பொய் சொல்கிற பெண்ணை என் சர்வீஸில் பார்த்ததில்லை. நாளை இருக்கிறது அவளுக்கு.

ஜனவரி 29, வியாழன்

முதல் பீரியடிலேயே பலகை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினேன். "நான் பொய் சொல்கிறேன்." அவளைக் கூப்பிட்டு, படி என்று கை காட்டினேன். நாற்பத்தைந்து பேர் முன்னால் அதை அவள் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது என் திட்டம்.

அவள் பலகையை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தெளிவான குரலில் சொன்னாள்: "நாளைக்கு எல்லாரும் கட்டுரை நோட்டு எடுத்துனு வரணும்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னை நிறுத்தியது. சந்தோஷ்கூடச் சிரிக்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் பலகையில் எதையும் தேடவில்லை. என் புருவத்தில்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

பலகையை அழித்தேன். டஸ்டர் எங்கே என்று பார்க்கத் தோன்றவில்லை, கையாலேயே அழித்தேன்.

மணி அடித்ததும் அவள் பக்கத்தில் உட்காருகிற நஸ்ரின் மட்டும் நின்றாள். "அவளுக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றாள்.

"எப்போதிருந்து உனக்குத் தெரியும்?" என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

"நாலாவதுலேந்து சார். காலைல செய்திய நான் ஒரு தபா படிச்சுக் காட்டுவேன். ஒரு தபா கேட்டா போதும், அப்படியே புடிச்சுக்குவா. பாடமும் அப்படித்தான்."

"வேறு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரியாது."

ஏன் சொல்லவில்லை என்று எழுதினேன். அவள் செருப்பு நுனியைப் பார்த்தாள்.

"நீங்க கத்துவீங்க சார்."

ஜனவரி 30, வெள்ளி

காலையில் மாவு அரைத்து வாங்கி வந்தேன். வண்டிக்கு பஞ்சர் போட்டேன். துணி காயப்போட்டேன்.

மாதாமாதம் வாசிப்புத் திறன் பதிவேடு என்று ஒன்று எழுத வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்க வைத்துக் கேட்டு எழுத வேண்டும் என்று விதி. இதுவரை பதினெட்டு மாதம். யுவஸ்ரீ பெயருக்கு நேரே பதினெட்டு 'நன்று', பக்கத்தில் என் கையெழுத்து. அதில் இரண்டு இடத்தில் 'மிக நன்று'. நாற்பத்தாறு பேரையும் எப்படித் தனித்தனியாகக் கேட்பது? ரயில் வேறு.

ரயில் காரணமில்லை. சும்மா எழுதினேன்.

பிப்ரவரி 2, திங்கள்

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு யுவஸ்ரீயை வரவழைத்தேன். சிக்கல் அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பேச்சு இல்லை, எழுதிக் காட்டினால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் ஐந்து நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நஸ்ரினைக் கூப்பிட்டேன். நான் எழுத, நஸ்ரின் படிக்க, யுவஸ்ரீ பதில் சொன்னாள்.

"எனக்குப் படிக்கல்லாம் வேணாம் சார். வாய் போதும்."

எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணாவதுல எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டாவதும் மூணாவதும் கொரோனாவுல பூட்ச்சு. எங்க வூட்ல போன் இல்ல. நாலாவது வந்தா எல்லாரும் படிச்சுனு இருக்காங்க. நான் மட்டும் எப்டி சார் தெரியலன்னு சொல்றது?"

இதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் ரயிலைத் தாண்டவில்லை.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதை நஸ்ரின் இரண்டு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் எழுத்து கற்றுக்கொள்ள நாளை வருவதாகச் சொன்னாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நஸ்ரினுக்கு கோ-கோ போட்டி, வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும்.

எழுத்துகளின் வடிவம் அவளுக்குத் தெரிகிறது. ஒன்றரை வருடமாக என் பலகையைப் பார்த்துக் கோலம் போல வரைந்துகொண்டிருந்தவள். காலும் கொம்பும் கொக்கியும் சேர்ந்தால் குழம்பிப்போகிறாள். "ஆடு" என்று எழுதினேன். உதட்டைப் பிதுக்கினாள். வேறு வழியில்லை, கதவைச் சாத்திவிட்டுத் தரையில் கைகளை ஊன்றி ஆடானேன். தாள் ஒன்றைத் தின்பதுபோல் பாவனையும் செய்தேன்.

"மாடு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். தாடி காட்டினேன்.

"ஆடு. ஆ... டு." விரலை எழுத்தின்மேல் வைத்தாள். "அப்ப இது டு-வா சார்? இது நாடுலயும் வருமே."

நான் 'நாடு' என்று எழுதவே இல்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். சந்தோஷத்தில் நான்கு காலில் நின்றபடியே தலையாட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஹெலன் மேடம். பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வழங்க வந்த பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில்.

"எங்க சீனியர் டீச்சர்" என்று அறிமுகப்படுத்தினார். பிறகு என்னிடம் மெதுவாக, "தொண்டைக்கு என்ன மருந்து சார் குடுத்தாங்க?" என்றார்.

பிப்ரவரி 4, புதன்

எனக்குக் குரல் இருந்திருந்தால் அவள் திணறுகிற இரண்டாவது விநாடியே நான் விடையைச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல முடியவில்லை. காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருந்தால் வருகிறது. இன்று எலி, ஏணி, குடை, பூனை. ஏணியில் ஏறுவதாக நடித்தபோது மேசை ஆடிவிட்டது. முழங்காலில் லேசான வீக்கம்.

மாலையில் கோகிலா காப்பியோடு வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். அவளிடம் இவ்வளவு பேச்சு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக எங்கே வைத்திருந்தாளோ.

பிப்ரவரி 5, வியாழன்

வருகிற புதன்கிழமை உதவிக் கல்வி அலுவலர் வந்து ஏழாம் வகுப்புக்கு வாசிப்புத் தேர்வு வைக்கப் போகிறாராம். ஹெலன் மேடம் என்னைத் தனியாக அழைத்தார்.

"போன வருஷம் நம்ம ஸ்கூல் தொண்ணூத்தெட்டு சதவீதம் சார். கொறையக் கூடாது. படிக்கத் தெணறுற புள்ளைங்க ஒண்ணு ரெண்டு இருந்தா அன்னைக்கு வயித்து வலின்னு வீட்லயே இருக்கட்டும். புரியுதா?"

தலையாட்டினேன். தலை மட்டும்தானே ஆட்ட முடிகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

யுவஸ்ரீயிடம் விஷயத்தை நஸ்ரின் மூலம் சொல்லிவிடலாம் என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். நஸ்ரின் வருவதற்குள் யுவஸ்ரீ வந்துவிட்டாள். தாளைப் பார்த்தாள். மறைக்கப் போனேன்.

"இருங்க சார், இருங்க. நான் படிக்கிறேன்."

விரலை வைத்தாள். பு... த... ன். புதன். அன்... று. நீ. வ... ர. வே-யில் கொஞ்சம் நின்றாள். பிறகு வேண்... டாம். நெற்றியில் வியர்வை. முதலிலிருந்து மறுபடியும் படித்தாள், இந்த முறை சேர்த்து: "புதன் அன்று நீ வர வேண்டாம்."

"கரெக்ட்டா சார்?"

தலையாட்டினேன். முகமெல்லாம் பல். யாரும் படித்துக் காட்டாமல், யாரும் நடித்துக் காட்டாமல், அவள் தானாகப் படித்த முதல் வரி. பல் மெதுவாக மறைந்தது.

"ஏன் சார் வர வேண்டாம்?"

தாளை வாங்கிக் கிழித்தேன். என்ன நடித்துக் காட்டுவது என்று தெரியவில்லை. மருத்துவர் கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒரே எழுத்துதான் சொன்னேன்.

"வா."

தகர டப்பாவில் கல் உருண்ட மாதிரி இருந்தது. ஒரு எழுத்து கணக்கில் வராது.

பிப்ரவரி 9, திங்கள்

முடிச்சு சுருங்கியிருக்கிறது. பேசலாம், அளவாக. "இடையில பேசினீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். கோகிலா என்னைப் பார்த்தாள். அந்த 'வா'வைப் பற்றி அவளிடம் எழுதிக் காட்டியிருந்தேன்.

குரல் வந்ததும் ஹெலன் மேடத்திடம் போய், புதன்கிழமை என் வகுப்பில் யாருக்கும் வயிற்று வலி வராது என்று சொன்னேன். தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க இஷ்டம் சார்" என்றார்.

பிப்ரவரி 11, புதன்

நாற்பத்தாறு பேரும் வந்திருந்தார்கள். அலுவலர் அமைதியான மனிதர். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுத்துப் படிக்கச் சொன்னார். யுவஸ்ரீ ஏழாம் வகுப்பு அட்டையைப் பார்த்துவிட்டு, "இது எனக்கு வராது சார்" என்றாள். ஐந்தாம் வகுப்பு அட்டை. வராது. இரண்டாம் வகுப்பு அட்டையைக் கொடுத்தார். நான்கு வரி.

"மழை வந்தது." அதற்கு ஒரு நிமிடம். "கூடை இல்லை." நின்றாள். திரும்பப் பார்த்தாள். "இல்ல. குடை. குடை இல்லை." சந்தோஷ் உதவி செய்ய வாயைத் திறந்தான், நஸ்ரின் அவன் தொடையில் கிள்ளினாள். "பூனை வீட்..." ரயில் வந்தது. அவள் அந்த எழுத்தின்மேல் விரலை அழுத்திக்கொண்டு, கடைசிப் பெட்டி போகிறவரை நின்றாள். "...டுக்குள் ஓ-டி-ய-து."

வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. ஏழு நிமிடம். முடித்ததும் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், பின்னால் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று.

அலுவலர் பதிவேட்டைப் புரட்டினார். "பதினெட்டு மாசமா நன்றுன்னு போட்டிருக்கே?"

ஹெலன் மேடம் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தான் சார் எழுதினேன். கேக்காமலே எழுதிட்டேன்" என்றேன். மூன்று வாரத்துக்குப் பிறகு வகுப்பில் நான் பேசிய முதல் வாக்கியம். மெதுவாகத்தான் சொன்னேன், கடைசி பெஞ்சு வரை கேட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

வேறு இரண்டு பேர் மதியம் வந்து ஆசிரியர் அறை வாசலில் நின்றார்கள். ஒருவன் சந்தோஷ். "எனக்கும் கொம்பு வந்தா கொழம்புது சார்" என்றான். அவனுக்கும் பதினெட்டு 'நன்று' போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. சர்வீஸில் முதல் குறிப்பாணை. கோகிலாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உள்ளதத்தானே எழுதியிருக்காங்க" என்றாள். பிறகு தோசைக்குத் தொட்டுக்கொள்ள எனக்குப் பிடித்த காரச் சட்னி அரைத்தாள்.

பிப்ரவரி 18, புதன்

விளக்கம் எழுதுவதற்காகக் குறிப்பாணையை ஆசிரியர் அறை மேசையில் விரித்து வைத்திருந்தேன். யுவஸ்ரீ வந்தாள்.

"இது இன்னா சார்?"

"எனக்கு ஆபீஸ்லேர்ந்து வந்த லெட்டர்."

"படிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல இப்போது எனக்குக் குரல் இருந்தது. சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்து விரலை வைத்தாள். அரைப் பக்கம். அரசாங்கத் தமிழ், ஒவ்வொரு சொல்லும் ரயில் நீளம். "மாண... வி... யின். வா-சிப்... புத். திற... னை." ஒரு சொல் முடிந்ததும் மூச்சு விட்டுக்கொண்டாள். நான் உதவவில்லை. இடைவேளை முடிகிற மணி அடித்தது, அடுத்த பீரியட் எனக்கும் அவளுக்கும் ஒன்றுதான், பக்கத்தில் எங்கள் வகுப்பு தானாக அமைதியாக இருந்தது. "ப-ணி-யில். அ... லட்... சி... யம்." நிமிர்ந்தாள்.

"அலட்சியம்னா இன்னா சார்?"

"செய்ய வேண்டிய வேலையச் செய்யாம, செஞ்ச மாதிரி காட்டிக்கிறது."

"யாரு சார்?"

"நான்தான்."

கொஞ்சம் யோசித்தாள். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்குமாறு என்பதைக் கடந்து, முத்திரையைக் கடந்து, கீழே என் பெயர் வரை வந்தாள். அதை இரண்டு தடவை படித்தாள், இரண்டாவது தடவை தயங்காமல். தாளை நேராக்கி என் பக்கம் தள்ளி வைத்தாள். முகம் சிவந்து, காதோரம் வியர்த்து, பெரிய வேலை ஒன்றை முடித்தவள்போல் இருந்தாள்.

"இதே மாதிரி இன்னும் வருமா சார்?"

வரும் என்றேன்.